ஓஎஸ் 0 ரூபாய், கூலி 400 ரூபாய்

2008-ல் நான் விற்ற முதல் உபுண்டு சிடிக்கு 30 ரூபாய் வாங்கினேன். உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடும் ஒரு லினக்ஸ் வகை ஓஎஸ், அதாவது இயங்குதளம். வாங்கிப்போனவன் ஒரு பாலிடெக்னிக் மாணவன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். "அண்ணே, இதே சிடிய அவனுவளே வெளிநாட்டுல இருந்து சும்மா தபால்ல அனுப்பித் தாறானுவ. நீங்க 30 ரூவா வாங்கிட்டீங்களே?" என்றான்.

அவன் சொன்னது நிஜம்தான். உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் அப்போது ஷிப்இட் என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. முகவரி கொடுத்தால் சில வாரங்களில் அட்டை உறையில் சிடி வீட்டுக்கே வரும், தபால் செலவும் அவர்களுடையது. 2011 ஏப்ரலில்தான் அதை நிறுத்தினார்கள். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. நாலு பேர் முன்னால் முகம் சுருங்கிப்போய், "சிடி விலை 10 ரூபாய், மீதி 20 இந்தா" என்று எடுத்து நீட்டிவிட்டேன்.

அந்த 20 ரூபாய் எப்படி வந்தது என்று சொல்கிறேன். வீட்டில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட், மாதம் 500 ரூபாய் பிளான். இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அதனால் உபுண்டு இறக்க வேண்டும் என்றால் அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்தாக வேண்டும். ஐப்பசி மாதம் என்றால் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இடி மின்னல் எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. தொடங்கியதும் டெலிபோன் ஒயரைக் கழற்றிவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விடிந்ததும் கோப்பு சிதையாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சிடியில் எழுதி, கடையில் கிடக்கும் பழைய பெட்டியில் போட்டு பூட் ஆகிறதா என்று சோதித்து, உறையில் பேர் எழுதி. இத்தனைக்கும் சேர்த்து 20 ரூபாய். அதைத்தான் கூச்சப்பட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

தக்கலையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி கடை என்னுடையது. கம்ப்யூட்டர் சர்வீஸ், பிரிண்ட் அவுட், அதோடு லினக்ஸ். கட்டற்ற ஓஎஸ்ஸை, அதாவது யாரும் பிரதி எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று விட்டிருக்கும் ஓஎஸ்ஸை, காசுக்கு விற்கலாமா என்று இப்போதும் இளையவர்கள் போன் பண்ணிக் கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

சிடி திரும்பி வந்த அன்று ராத்திரி லினக்ஸுக்கு உள்ள ஜிபிஎல் உரிமத்தை முதல்முறையாக வரிவரியாக வாசித்தேன். 1991-ல் வந்த இரண்டாம் பதிப்பு. முதல் பிரிவிலேயே தெளிவாக இருக்கிறது: பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், விருப்பப்பட்டால் உத்தரவாதம் கொடுத்து அதற்கும் கட்டணம் வாங்கலாம். இந்த உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-ல் ஈமேக்ஸ் என்ற தன் எடிட்டர் மென்பொருளின் டேப்பை 150 டாலருக்கு விற்றுப் பிழைத்தவர். இதைவிட எனக்கு ஆச்சரியம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கதை. 1991-ல் அவர் லினக்ஸை முதலில் வெளியிட்டபோது வைத்திருந்த உரிமம், யாரும் இதற்குக் காசு வாங்கக் கூடாது என்றது. ஃபிளாப்பியில் பிரதி எடுத்துக் கொடுப்பவர்களுக்கு ஃபிளாப்பிக் காசும் கைக்கூலியும்கூடக் கேட்க வழியில்லை. இதை அவரிடம் சொன்னார்கள். 1992 தொடக்கத்தில் லினக்ஸை ஜிபிஎல்லுக்கு மாற்றிவிட்டார். மாற்றாமல் விட்டிருந்தால் நான் வாங்கிய 30 ரூபாய் உண்மையாகவே திருட்டுக் காசு.

இங்கிலீஷில் ஃப்ரீ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு நமக்கு வேண்டியதில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர் எவரும் 'கட்டற்ற இயங்குதளம் இருக்கா?' என்று கேட்டதில்லை. 'ஃப்ரீ விண்டோஸ் மாதிரி ஒண்ணு உண்டாமே' என்றுதான் கேட்பார்கள். அதிலும் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிற கடையில் 300 ரூபாயைப் பேசாமல் கொடுத்துவிட்டு, நியாயமான லினக்ஸுக்கு வரும்போது மட்டும் 'சும்மா கிடைக்கதுதானே' என்பார்கள். இந்த ஊர் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உரிமத்தின் முதல் பிரிவைச் சந்தோஷமாக வாசித்த நான், மூன்றாம் பிரிவை மேலோட்டமாகத் தாண்டிவிட்டேன். அது பிறகு வந்து கடித்தது.

2009 வாக்கில் எனக்கு நன்றாக ஓடியது டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் டிவிடி செட். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பலருக்கு வீட்டில் இணையம் கிடையாது. உபுண்டு ஒரே சிடி. அதற்கு மேல் எது வேண்டுமென்றாலும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். டெபியன் செட்டில் ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் டிவிடியிலேயே இருக்கும். டிவிடியை மாற்றி மாற்றிப் போட்டு நிறுவிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க உண்மையான காரணம் இருந்த சரக்கு அதுதான்.

அதை வாங்க ஒரு காலேஜ் சார் வந்தார். டிவிடிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சோர்ஸ் எங்கே?" என்றார். மென்பொருளை எழுதிய மூல நிரலைத்தான் கேட்டார்.

"அது டெபியன் சைட்லயே கிடக்கு சார்."

"அது அவங்க செய்யிறது. காசு வாங்குறது நீங்கதானே?"

அவர் சொன்ன பிறகுதான் மூன்றாம் பிரிவை ஒழுங்காக வாசித்தேன். ஓடும் நிரலை விற்பவர் மூல நிரலையும் கூடவே கொடுக்க வேண்டும். இல்லையென்றால், குறைந்தது மூன்று வருஷத்துக்கு யார் கேட்டாலும் பிரதி எடுக்கும் செலவுக்கு மேல் வாங்காமல் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுத்தவனைப் போய்க் கேள் என்று கைகாட்டுவது காசு வாங்காமல் பகிர்பவருக்குத்தான் செல்லும்.

சரி என்று உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு அடித்தேன். டிஸ்க் பேர், பதிப்பு, விற்ற தேதி, 'மூல நிரல் வேண்டுவோர் மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டால் டிவிடி விலைக்குத் தரப்படும்' என்ற வரி, கடை முகவரி. ஒவ்வொரு உறையிலும் ஒன்று வைத்தேன். எவனும் கேட்கப்போவதில்லை என்ற தைரியம். ஒன்றரை வருஷம் யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு மாணவன் அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். ப்ராஜெக்டுக்கு வேண்டுமாம். என்னிடம் சீட்டு இருந்தது, சோர்ஸ் இல்லை. அதற்குள் டெபியனில் அடுத்த பதிப்பே வந்துவிட்டது. பழைய பதிப்பின் சோர்ஸ் டிவிடிகளை அவர்களுடைய ஆவணக் கிடங்கிலிருந்து ஒவ்வொன்றாக இறக்க எட்டு ராத்திரி ஆனது. பையனிடம் வெற்று டிவிடிக் காசு மட்டும்தான் வாங்க முடியும், எழுதிக் கொடுத்திருக்கிறேனே. அன்றிலிருந்து ஓஎஸ் இறக்கும் நாளிலேயே அதே பதிப்பின் சோர்ஸையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுகிறேன். பென்டிரைவில் விற்றாலும் இதே கதைதான்.

பெயர் விஷயத்திலும் ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். ரீமாஸ்டர்சிஸ் என்று ஒரு கருவி இருந்தது. நிறுவி வைத்திருக்கும் உபுண்டுவை அப்படியே நம்ம விருப்பப்படி மாற்றிப் புது சிடியாக எடுக்கலாம். தமிழ்99 விசைப்பலகை, எம்பி3 பாட வேண்டியது, டிடிபி கடைக்காரர்கள் கேட்கும் எழுத்துருக்கள் எல்லாம் திணித்து, முகப்பில் பத்மநாபபுரம் அரண்மனைப் படம் வைத்து 'தக்கலை உபுண்டு' என்று லேபிள் அடித்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. நிரலை மாற்றி விற்க உரிமை உண்டு. ஆனால் உபுண்டு என்ற பேரும் அந்த வட்டச் சின்னமும் கனானிக்கலின் வணிகக்குறி. மாற்றாமல் அப்படியே பகிர்ந்தால் தொந்தரவில்லை, கைவைத்த பிறகு அதே பேரில் விற்க அனுமதி வேண்டும். டெபியன் போன்ற பெரிய திட்டமே ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் பேரை விட்டுவிட்டு 2006 முதல் பத்து வருஷம் ஐஸ்வீசல் என்று பேர் வைத்துக்கொண்டு ஓட்டியது. நான் எம்மாத்திரம்? அதோடு, திணித்த எழுத்துருக்களில் பாதி யாரோ காசுக்கு விற்பவை. உரிமத்தை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதே சிடிக்குள் திருட்டு எழுத்துரு வைத்திருந்தேன். நண்பன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "மக்கா, இதுக்கு நீ விண்டோஸ் கிராக்கே வித்திருக்கலாம்" என்றான். இருபது சிடியையும் உடைத்துப் போட்டேன். அதன்பிறகு அசல் சிடியில் கைவைப்பதே இல்லை. தமிழ் விசைப்பலகை முதலியவற்றை நிறுவிய பிறகு தனியாகப் போட்டுக் கொடுக்கிறேன்.

டிஸ்க் காலத்தின் தொழில்நுணுக்கம் இப்போது யாருக்கும் வேண்டாம். 52 எக்ஸ் வேகத்தில் எழுதினால் திரும்பி வரும், 8 எக்ஸில் எழுதினால் வராது, மழைக்காலத்தில் டிஸ்க்கில் பூசணம் பிடிக்கும், அவ்வளவுதான். பென்டிரைவுக்கு வந்தால் வேறு ஏமாற்று. ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதென்று பேர் தெரியாத 16 ஜிபி பென்டிரைவ் இருபது வாங்கிவிட்டேன். நிறுவும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பாதியில் நின்றது. எஃப்3 என்று ஒரு கட்டற்ற கருவி இருக்கிறது, பென்டிரைவ் முழுக்க எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். ஓட்டினால் உள்ளே உண்மையில் இருந்தது 4 ஜிபிதான், மீதி வெறும் வாய்ச்சொல். வாங்கியதும் முதல் வேலையாக இந்தச் சோதனையை ஓட்டிவிடுங்கள். ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு அடி பட்டேன். புதுசு என்றால் நல்லது என்று உபுண்டு 9.04-ஐப் பதினைந்து பேருக்காவது கொடுத்திருப்பேன். அதற்கு ஆதரவுக் காலம், அதாவது அப்டேட் வரும் காலம், 18 மாதம்தான். 2010 அக்டோபரோடு முடிந்தது. பிறகு ஒவ்வொருத்தராக வந்து, எதையும் நிறுவ முடியவில்லை என்றார்கள். பதினைந்து பேருக்கும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். இப்போது நீண்டகால ஆதரவுப் பதிப்பைத் தவிர வேறெதையும் கையால் தொடுவதில்லை.

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகுதான் வியாபாரம் சிடியிலிருந்து நிறுவிக் கொடுக்கும் வேலைக்கு மாறியது. ஊரில் எக்ஸ்பி ஓடிய பெட்டிகள் எக்கச்சக்கம். புது விண்டோஸைத் தாங்காது, தூக்கிப்போடவும் மனசில்லை. லினக்ஸ் வகைகளான லுபுண்டு 14.04, லினக்ஸ் மிண்ட் 17 இரண்டையும் போட்டுப் போட்டுக் கை பழகியது.

அந்த உற்சாகத்தில் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கல்யாணக் கார்டு அடிக்கும் கடையில் போய் மூன்று கம்ப்யூட்டருக்கும் மிண்ட் போட்டேன். மறுநாள் காலையில் போன். பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் எங்கே? இரண்டும் விண்டோஸில் கார்டு வடிவமைக்கும் மென்பொருள்கள், மிண்டில் கிடையாது. பத்து வருஷக் கார்டு மாதிரிகள் எல்லாம் அந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன, அதுவும் பாமினி எழுத்துருவில். அவற்றுக்குப் பதிலாக இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் முகூர்த்தக் கார்டுக்கு ஆள் நிற்கிறது. பழைய லேசர் பிரிண்டரும் மல்லுக்கட்டியது. இரண்டு நாள் அங்கேயே கிடந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி, வாங்கிய காசையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களைக் கண்டால் அதன்பிறகு எனக்கு ஒவ்வாது. டிடிபி, டாலி, கைரேகைக் கருவி வைத்துச் செய்யும் சேவை மையம் என்று யார் வந்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மற்றவர்களுக்கும் நிறுவுவதற்கு முன்னால் லைவ் பென்டிரைவில் அரை நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். பிரிண்டரையும் அவர்கள் தினமும் திறக்கிற கோப்புகளையும் கொண்டுவரச் சொல்வேன். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தமிழ் அவர்கள் தட்டுகிற முறையில் வருகிறதா? இதற்கு 100 ரூபாய். பிறகு நிறுவினால் அந்த 100-ஐக் கழித்துக்கொள்வேன். நிறுவாமல் போனால் அந்த 100 ரூபாயோடு எனக்கு நிம்மதியும் மிச்சம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது, சொல்லப் பிடிக்காவிட்டாலும். குளச்சலிலிருந்து ஒரு அக்கா லேப்டாப் கொண்டுவந்தார்கள். கணவர் கல்ஃபில். "சி டிரைவ்ல எல்லாத்தையும் அழிச்சுக்கிடலாம் தம்பி, டி-ல பிள்ளைக்க புதுநன்மை போட்டோ கிடக்கு, அத தொடாண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னார்கள். அன்று கடையில் கூட்டம். நிறுவும் திரையில் முழு டிஸ்க்கையும் அழிக்கச் சொல்லும் தேர்வு முதலாவதாக இருக்கும். பேசிக்கொண்டே அதை அழுத்திவிட்டேன்.

ஃபோட்டோரெக் என்ற கருவியால் அழிந்த படங்களை மீட்கலாம். ஆனால் கோப்பின் பேரும் ஃபோல்டரும் வராது. எஃப் என்ற எழுத்தும் ஏதோ எண்ணுமாக ஆயிரக்கணக்கான படங்கள் கொட்டின. இணையப் பக்கங்களின் குப்பைப் படங்களும் அதோடு கலந்து கிடந்தன. மூன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன் போட்டுக் கையில் மெழுகுதிரி பிடித்த பிள்ளையின் படம் வரும்போதெல்லாம் ஒரு மூச்சு. பல படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. அந்த அக்கா திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது யார் மிஷின் வந்தாலும் முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழுப் பிரதி எடுப்பேன். அந்தப் பிரதியை என் கம்ப்யூட்டரில் திறந்து, அவர்களையே நாலு படம் பார்க்கச் சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடுத்த வேலை. நேரம் போகும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி.

பில்லில் இரண்டு வரி போட ஆரம்பித்தது இதெல்லாம் பட்ட பிறகு. முதல் வரி: லினக்ஸ் மிண்ட், 0 ரூபாய். இரண்டாவது வரி: தரவுப் பிரதி, நிறுவல், பிரிண்டர் இணைப்பு, மூன்று மாதம் போன் உதவி, 400 ரூபாய். மூன்று மாதம் என்று எழுதுவது முக்கியம். முன்பு 'எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க' என்று சொல்லி, ராத்திரி பத்து மணிக்குப் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அந்த 0-வைப் பார்த்ததும் சிலருக்கு வாதம் வந்துவிடும். ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓஎஸ் சும்மான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பிறகு 400 எதுக்கு?" என்று நின்றார். பெஞ்சில் தேங்காய் வெட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியை மகளுக்காகக் கொண்டுவந்திருந்தார். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பல மிஷின்களில் விண்டோஸோடு மத்திய அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பிள்ளைகள் அதைத் திறந்ததே இல்லை என்பது வேறு கதை. அவர் சொன்னார்:

"சாரே, உங்க தோப்புல தேங்கா வெட்ட என்னெ விளிப்பீங்க. தெங்கும் உங்க தெங்கு, தேங்காயும் உங்க தேங்கா. பின்னெ எனக்கு எதுக்குக் கூலி தாறீங்க?"

வாத்தியார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரித்தாலும் 350-க்கு இறக்கிவிட்டுத்தான் போனார்.

இப்போது மறுபடியும் கடை நிறைய பெட்டிகள். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத நல்ல மிஷின்கள் எத்தனையோ வருகின்றன. எஸ்எஸ்டி மாற்றி மிண்ட் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். 32 பிட் பழசுகளை மட்டும் திருப்பி அனுப்புகிறேன், டெபியன் 13-லேயே அவற்றுக்கு நிறுவும் டிஸ்க் கிடையாது.

போன மாதம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் தன் பென்டிரைவில் மிண்ட் மட்டும் போட்டு வாங்கிப்போனாள். 50 ரூபாய். இரண்டு வாரத்தில் கடைப் பையன் ஒரு சேதி கொண்டுவந்தான். "அண்ணே, அந்தப் பிள்ளை ஹாஸ்டல்ல பென்டிரைவ் போட்டு வித்துட்டு இருக்கா. நம்ம சரக்க எடுத்து அவ காசு பாக்கா."

"நம்ம சரக்கு எதுடே?" என்றேன். அவன் முகம் சரியாகவில்லை.

அந்த வாரமே அவள் வந்தாள். கையில் நான் கொடுத்த சீட்டு. "அண்ணே, நானும் இதே மாதிரி ஒண்ணு வச்சுக் கொடுக்கணுமோ?" என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து, கடைப் பேர் இருந்த இடத்தில் அவள் பேரையும் போன் நம்பரையும் அடிக்கச் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு எட்டுச் சீட்டு வரும். "சோர்ஸை இண்ணைக்கே இறக்கி வச்சிரு, நாளைக்குன்னு வைக்காண்டாம்" என்றேன். ஐந்து பக்கம் பிரிண்ட் எடுத்தாள்.

"எவ்வளவு அண்ணே?"

பக்கத்துக்கு 2 ரூபாய். பத்து ரூபாயை வாங்கிப் பெட்டியில் போட்டேன்.